நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

நூலகர் உத்தியோகம் என்றால் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து உலகத்தையே ஓசியில் படித்துவிடலாம் என்று நம்பித்தான் நானும் வந்து சேர்ந்தேன். ஃபேனும் வரவில்லை, படிப்பும் ஓடவில்லை. நமக்கு வாய்ப்பது புத்தகம் அல்ல, புத்தகத்தைப் பற்றிய அபிப்பிராயம். அதுவும் கேட்காமலே வரும். ஓட்டல் சர்வர், தபால்காரர், பள்ளிக்கூட வாத்தியார் என்று, பிறர் அபிப்பிராயத்தைச் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டு சம்பளம் வாங்கும் அத்தனை பேரும் எனக்கு உறவுதான். நான் பட்டது உங்களுக்குப் புரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் அரிமளத்தில் ஒரு கிளை நூலகத்தில் இருந்தேன். அங்கே ஒரே ஒரு நாவல் என்னைப் படுத்திய பாட்டைத்தான் சொல்லப் போகிறேன். அதனால் ஒரு பெண்ணின் கல்யாணமே அந்தரத்தில் தொங்கியது.

தட்டுக் கதை

அது என் அப்பா காலத்து நாவல். நடுவில் ஒரு 'அல்லது' வைத்து நீளமாக ஒரு பெயர் இருந்ததாம். அட்டையில் அது எப்போதோ அழிந்துவிட்டது. ஊரில் அதற்குத் 'தட்டுக் கதை' என்றே பெயர். பெரிய வீட்டுப் பெண் ஒருத்தி, நிச்சயதார்த்தத்தன்று சபை நிறைந்திருக்கும்போது, மாப்பிள்ளை வீட்டார் வைத்த தாம்பூலத் தட்டை வேண்டாம் என்கிறாள். அவள் அப்பா எழுந்து வந்து, தன் கையாலேயே அந்தத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். இது நடப்பது நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில். அப்புறம் முந்நூறு பக்கத்துக்கு ஊர் அவளைத் தூற்றுகிறது. கடைசியில் அவளே விரும்பி ஒரு டாக்டரைக் கட்டிக்கொள்கிறாள். நான் நூற்றுப் பன்னிரண்டு வரைதான் படித்தேன். மிச்சமெல்லாம் கேள்விஞானம்.

புதுக்கோட்டை பஸ்ஸில் கண்டக்டராக இருந்த மாரிமுத்து இதை மூன்று தடவை எடுத்துப்போய் மூன்று தடவையும் இரண்டே நாளில் திருப்பிக் கொண்டுவந்தார். நல்லா இல்லையா என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு சார். தட்டைக் குடுக்குற வரைக்கும் ரைட் ரைட்டுன்னு போகுது. அதுக்கப்புறம் ஊர்க்காரங்க பேச ஆரம்பிச்சதும் வண்டி நின்னுபோகுது. தள்ளிப் பார்த்தேன், நகரலை, எறங்கிட்டேன்!"

ஆச்சியின் ஆட்சேபம்

விசாலாட்சி ஆச்சியின் கணவர் வியாபாரமாக மலாயாவில் இருந்தார். ஆச்சி நூலகத்துக்கு வரமாட்டார். கார் டிரைவர் வந்து வாங்கிப் போவார். நாங்கள் கொடுக்கும் புத்தகங்களைப் பற்றிய ஆச்சியின் அபிப்பிராயமும் டிரைவர் வாய்மொழியாகத்தான் வரும். 'சுமார்', 'தேவலை', 'வேற குடுங்க' என்ற மூன்றைத் தாண்டி அது போனதில்லை.

தட்டுக் கதைக்கு மட்டும் ஆச்சியே காரை விட்டு இறங்கி வந்துவிட்டார். நான் எழுந்து நின்றேன். கடைசியில் வரும் கல்யாண அத்தியாயத்தைத் திறந்து என் முன்னால் வைத்து, விரலால் தட்டினார். அத்தியாயம் முழுக்க நிலவும் கண்ணீரும் இருந்தன. முன்பாதியைப் புரட்டக்கூட இல்லை, நேரே கல்யாணத்துக்குப் போய்விட்டாராம். தட்டைத் திருப்பியதைப் பற்றி ஆச்சிக்கு ஒரு குறையும் இல்லை. குறை வேறு இடத்தில் இருந்தது.

"பொண்ணுக்கு என்ன சீரு வச்சாகன்னு ஒரு வரி இல்லை. பந்தியில என்ன போட்டாகன்னு இல்லை. எத்தனை வெள்ளிச் சாமான், எத்தனை பாய், ஒண்ணும் இல்லை. இதை எழுதுனவரு ஒரு கல்யாண வீட்டு வாசலைக்கூட மிதிச்சிருக்க மாட்டாரு தம்பி!"

ஓரத்தில் நடந்த சண்டை

புத்தகத்தில் பென்சிலால் எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாரம் ஒரு நாள் ரப்பரும் கையுமாக உட்கார்ந்து அழிப்பேன். தட்டுக் கதையில் ஒருநாள் இரண்டு கையெழுத்துகள் தென்பட்டன. ஒன்று கட்டை எழுத்து: 'இது அகம்பாவம்.' அதற்குக் கீழே பொடி எழுத்து: 'ஆணுக்கு வந்தால் அதற்கு ரோஷம் என்று பெயர்.' அடுத்த பக்கத்தில், 'அவள் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.' கீழே, 'எத்தனை வருஷம்?'

இருநூறாம் பக்கம் வரை இப்படியே போனது. அதோடு பேச்சு நின்றிருந்தது. அடுத்த முறை புத்தகம் திரும்பி வந்தபோது கட்டை எழுத்தைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். ஆரம்பப் பள்ளி ஆசிரியர் சண்முகம். மற்றவர்களுக்கு ஒழுங்கு சொல்லிக்கொடுக்கிறவரே இப்படிச் செய்யலாமா என்று ரப்பரை எடுத்தேன். மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழிச்சுடாதீங்க சார், கோடி புண்ணியம். வீட்டுல நானும் சம்சாரமும் மொகங்குடுத்துப் பேசிப் பதினோரு நாளாச்சு. இந்த ஓரத்துலதான் பேசிக்கிட்டு இருக்கோம்."

வள்ளியம்மையின் கேள்வி

அந்த நாளில் பெண்கள் பேரில் நூலகச் சீட்டு அபூர்வம். அப்பா பேரிலோ அண்ணன் பேரிலோ சீட்டு இருக்கும். படிப்பது பெண்களாக இருக்கும். ரைஸ் மில் வைரவன் பேரில் ஒரு சீட்டு இருந்தது. அவர் எங்கள் நூலகக் கமிட்டியில் உறுப்பினர், வாசல்படி தாண்டியதில்லை. வந்துகொண்டிருந்தது அவர் மகள் வள்ளியம்மை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள், பேசவே மாட்டாள். தட்டுக் கதையைத் திரும்பத் திரும்ப எடுத்தாள்.

அவளுக்குக் கீரனூரில் மாப்பிள்ளை பார்த்திருப்பதாகத் தெரியவந்தது. ஜவுளிக்கடைக்காரர், நாற்பது வயது, முதல் மனைவி தவறிப்போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் புத்தகத்தைக் கவுண்டரில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். என்னம்மா என்றேன்.

"இல்லை சார்... இதுல வர்ற மத்தவங்க எல்லாம் நெசமாவே நம்ம ஊர்ல இருக்குறவங்க மாதிரிதான் இருக்காங்க. தட்டைத் திருப்பிக் குடுக்குற அந்த அப்பாவை மட்டும் கதை எழுதுனவரு தானா கற்பனை பண்ணியிருப்பாரு, இல்லைங்களா சார்?"

சும்மா தேதி முத்திரையைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

விதிப்படி புகார்

அடுத்த வாரம் வைரவனே வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்த விதத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மகள் அம்மாவிடம் மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். எல்லாம் இந்தப் புத்தகம் செய்த வேலை, இதை உடனே கொளுத்த வேண்டும், என்னையும் மாற்ற வேண்டும் என்றார். பயம் வந்தால் விதியைப் பிடித்துக்கொள்வது நம்மைப் போன்றவர்களின் வழக்கம் இல்லையா? ஆட்சேபமான பக்கங்களை எண்ணோடு எழுதித் தந்தால்தான் கமிட்டியில் வைக்க முடியும் என்றேன்.

அவர் புத்தகத்தை எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கினார்.

"எழுதித் தாரேன். மொதல் எழுத்துலேர்ந்து கடைசி எழுத்து வரைக்கும் படிச்சு, ஒண்ணு விடாம எழுதித் தாரேன். தப்பிக்க முடியாது!"

பட்டியலும் கூட்டமும்

புதன்கிழமை மில் ஆள் மூலமாகப் புத்தகமும் பட்டியலும் வந்தன. முப்பத்தொரு பக்க எண்கள், ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு. 'பெண் உரக்கச் சிரிக்கிறாள்.' 'ஆற்றங்கரையில் தனியாக நிற்கிறார்கள்.' 'கடிதம், அதுவும் நீளம்.' புகார் வந்தால் பலகையில் ஒட்டி மற்றவர்களின் கருத்தையும் கேட்பது எங்கள் கமிட்டி வழக்கம். ஒட்டினேன். யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை.

மறுநாள் காலை வாசலில் கூட்டம். அவ்வளவு பேர் வந்ததை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எண்களைத் துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு மேஜையைச் சுற்றி நின்று, அந்தந்தப் பக்கத்தை மட்டும் புரட்டிப் படித்தார்கள். கண்டக்டர் மாரிமுத்துவுக்கு ஏக சந்தோஷம்.

"எல்லாப் புத்தகத்துக்கும் இப்படி ஒரு லிஸ்ட் போட்டு ஒட்டிடுங்க சார். நின்னு நின்னு போற பஸ்ஸைவிட எக்ஸ்பிரஸ் எவ்வளவோ தேவலை!"

விட்டுப்போன எண்

ஆசிரியர் சண்முகம்தான் அதைக் கண்டுபிடித்தார். பட்டியலில் நூற்றுப் பன்னிரண்டு இல்லை. நூற்றுப் பதினொன்று இருந்தது, நூற்றுப் பதின்மூன்று இருந்தது. அவசரத்தில் விட்டுவிட்டார் போலும் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை மாலை வைரவன் வந்தார். கூட்டம் கலைந்திருந்தது. முகம் இரண்டு நாள் தூங்காத முகமாக இருந்தது. விடிந்தால் நிச்சயதார்த்தம். உதவி செய்கிறேன் என்று வாயைக் கொடுத்தேன். "ஐயா, முக்கியமான பக்கமே விட்டுப்போச்சு. நூத்திப் பன்னெண்டு. நானே சேர்த்துடட்டுமா?" பேனாவைக்கூடத் திறந்துவிட்டேன்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். நூலகத்துக்குள் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"விட்டுப்போகலை தம்பி. அந்தப் பக்கத்தை ஏழெட்டு வாட்டி படிச்சேன், தப்பு ஒண்ணும் ஆப்புடலை. இப்பத்தான் கீரனூருக்குப் போயிட்டு வாரேன், தட்டு எடுத்துக்கிட்டு வரவேண்டாம்னு சொல்லிட்டேன்." எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பினார். "ஆனா புத்தகத்தை எடுத்துடுங்க. எல்லா அப்பனுக்கும் என்னைய மாதிரி நெஞ்சு கெட்டியா இருக்காது!"

புத்தகம் அலமாரியிலேயே இருந்தது, புகார் பதிவேட்டில் இருந்தது, நானும் என் நாற்காலியில் இருந்தேன்; ஆனால் எனக்குத் தெரிந்து அந்த நாவலை ஒரு வரி விடாமல் படித்தவர்கள் அரிமளத்தில் இரண்டே பேர்தான், ஒருவர் அதைக் கொளுத்தச் சொன்னவர், இன்னொருத்தி அவர் மகள்.