இனிப்பில்லாமல் கை நனைத்தேன்

எனக்குச் சுகர் இருக்கிறது என்று நாலு பேர் முன்னால் நான் முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னது ஆழ்வார்குறிச்சியில். என் அக்கா மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது. அதுவரை அதை மூடித்தான் வைத்திருந்தேன்.

எதையும் பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம். பாளையங்கோட்டையில் ஒரு டீக்கடையில் மாஸ்டராக நிற்கிறேன். பாய்லருக்குப் பின்னால் நிற்கிறவன் பேச வேண்டியதில்லை. ஸ்ட்ராங், லைட், சீனி கம்மி என்று கேட்பார்கள், ஆற்றிக் கொடுப்பேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு வசதியான வேலை.

அரசாங்கத் திட்டத்தில் வீடு வீடாக வந்து விரலில் குத்திப் பார்க்கும் பெண் ஒருத்திதான் என் சுகரைக் கண்டுபிடித்தாள். மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு, "இது மட்டும் பத்தாது அண்ணாச்சி. சோத்தக் குறைக்கணும், நடக்கணும், சீனிய விட்டுரணும்" என்றாள்.

சீனியை அன்றைக்கே விட்டேன். விட்டுவிட்டு உடன்குடிக் கருப்பட்டிக்கு மாறினேன். எங்கள் பக்கத்து ஆட்கள் செய்கிற தப்புதான் இது. பனையிலிருந்து வருவது, பிள்ளை பெற்றவளுக்கே கொடுக்கிறோம், அது எப்படிக் கெடுதல் செய்யும்? காலையும் மாலையும் பெரிய டம்ளர் நிறையக் கருப்பட்டிக் காப்பி. சீனி போட்டுக் குடித்த காலத்தில்கூட நான் அவ்வளவு இனிப்புக் குடித்ததில்லை. அடுத்த முறை அவள் குத்திப் பார்த்தபோது அளவு ஏறிக் கிடந்தது. என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டாள். பெருமையாகச் சொன்னேன்.

"கருப்பட்டியும் இனிப்புத்தான் அண்ணாச்சி. அது எந்த மரத்துலேருந்து வந்துச்சுன்னு உங்க ரத்தத்துக்கா தெரியும்?"

அந்தச் சமயம் என் இடதுகால் பெருவிரலில் செருப்பு கடித்த புண் ஒன்று ஆறாமல் இருந்தது. எனக்கு முன்னால் அதே பாய்லரில் நின்ற மாஸ்டருக்கும் இப்படி ஒரு புண்ணில்தான் தொடங்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவர் நின்ற இடத்தில்தான் நான் நிற்கிறேன். நிற்க முடிந்தால்தான் எனக்குச் சோறு. கருப்பட்டியையும் விட்டேன். பெரியாஸ்பத்திரிக்கு நடையாய் நடந்து கட்டுப் போட்டுக்கொண்டேன். புண் ஆறியபிறகு, வெறுங்காலோடு நடக்கக் கூடாது, காலை மூடுகிற செருப்பாகப் போடுங்கள் என்று அந்தப் பெண் சொன்னாள். கேன்வாஸ் ஷூ வாங்கினேன். பேண்ட் என்னிடம் கிடையாது. சாரத்தை, அதாவது கைலியைக் கட்டிக்கொண்டு, கீழே ஷூவோடு நடக்கப் போனேன்.

நடப்பதற்கென்றே அரசாங்கம் எங்கள் ஊரில் ஒரு ரோட்டை ஒதுக்கி, வழி நெடுகப் பலகை வைத்திருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு அதிகாரிகளோடு ஜனங்களும் சேர்ந்து நடப்பார்கள். முடிகிற இடத்தில் பிரஷர் பார்த்துச் சுண்டல் கொடுப்பார்கள். மற்ற நாளில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். வந்தவர்கள் பெரும்பாலும் வாத்தியார்கள், பேங்க்காரர்கள். சாரத்தில் வந்தவன் நான் ஒருவன்தான். முதல் வாரம் ஓரமாக, சுவரை ஒட்டி நடந்தேன்.

கடைக்கு வருகிறவர்கள் விடவில்லை.

"என்னவே மாஸ்டர், மேல சாரம், கீழ ஷூ! கலெக்டருக்குத் துணைக்குப் போறீரா?"

"நாள்பூரா நின்னுக்கிட்டே கெடக்கீரு. உமக்கு எதுக்குவே நடை? அது ஏசில உக்காந்திருக்கவனுக்குள்ளதுல்லா!"

நான் டீயைத்தான் ஆற்றினேன். ஆனால் மறுநாள் காலையில் அதே சாரம், அதே ஷூ. சுவரை ஒட்டி அல்ல, ரோட்டின் நடுவில். எனக்கும் சேர்த்துத்தானே அந்த ரோடு?

அக்கா மகள் சம்பந்தத்துக்குப் பஸ்ஸில் போகும்போது, அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காதோரம் குனிந்து பேசினாள்.

"ஏலே, அங்கன போய் சுகரு, மாத்திரைன்னு வாயத் தொறந்துராத. மாமனுக்கு இருக்குன்னா நாளைக்குப் பொண்ணுக்கும் வரும்னு நெனப்பாவ. இது அமையலைன்னா அவளுக்கு வேற எடம் பாக்க என்னால ஏலாது. குடுக்கத வாங்கித் தின்னுட்டு, பேசாம வா."

எங்கள் அப்பாவுக்கும் சுகர் இருந்தது. அவரும் போகிற வீட்டிலெல்லாம் கொடுத்ததை வாங்கித் தின்றுவிட்டுப் பேசாமல்தான் வந்தார். கடைசியில் கண் தெரியாமல் போனார்.

எங்கள் சொந்தத்தில், பேச்சு முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டில் பெண் வீட்டார் கை நனைக்க வேண்டும். அதாவது, சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் சம்மதம். தாய்மாமன் முதலில் இலையில் கை வைக்க வேண்டும். அவன் இலையில் முதலில் விழுவது இனிப்பு.

எனக்கு அல்வா வைத்தார்கள். நெய் இலையில் வழிந்தது. இரண்டு வரிசை ஆட்களும் என் கையையே பார்த்தார்கள். நான் அதைத் தொடவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்து வந்தார். "என்ன அண்ணாச்சி, இனிப்பத் தள்ளி வைக்கீங்க? எங்க பையன்ல எதுவும் கொறையா?"

அக்கா எதிர்வரிசையிலிருந்து கண்ணால் கெஞ்சினாள். ஒரு வாய்தான். ஒரு வாயில் என் கால் போய்விடாது, அது எனக்கும் தெரியும். ஆனால் இன்றைக்கு இதைத் தின்றால் கல்யாணத்தன்று தின்ன வேண்டும், மறுவீட்டில் தின்ன வேண்டும், பொங்கலுக்குத் தின்ன வேண்டும். ஒவ்வொரு தடவையும் மூடி மறைக்க வேண்டும். நான் என்ன திருடினேனா?

"பையன் தங்கம். எனக்குச் சுகர் இருக்கு. இனிப்புத் தொட மாட்டேன்" என்றேன். கடைசி இலை வரைக்கும் கேட்டது.

யாரோ ஒருவர், "அப்போ கருப்பட்டிப் பாயசம் ஊத்துங்க, அது ஒண்ணும் செய்யாது" என்றார்.

"அதுவும் செய்யும். குடிச்சுப் பாத்தாச்சு."

ஒருவரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா குரலைத் தாழ்த்திக் கேட்டார். "பொண்ணுக்கு?"

"இல்ல. இருந்தா இதே மாதிரிச் சொல்லியிருப்பேன். என்னைக்காவது வந்தாலும் மூடி வச்சுக்கிட்டுச் சாக மாட்டா. நான் விட மாட்டேன். கை நனைக்கணும், அவ்வளவுதானே? எனக்கு அவியல வைங்க."

பரிமாறியவன் வாளியோடு அவரைப் பார்த்தான். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த நேரத்தில் ஒரு கல்யாணம் நின்றுபோயிருக்கலாம். என் அக்கா வாழ்நாள் முழுக்க என்னை மன்னிக்காமல் போயிருக்கலாம். அது தெரிந்தும் நான் கையை அல்வாப் பக்கம் கொண்டுபோகவில்லை.

"வைடே" என்றார் அவர்.

அவியலை எடுத்து வாயில் வைத்தேன். அதன்பிறகே மற்ற இலைகளில் கை விழுந்தது. தேதி குறித்து, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு கிளம்பினோம்.

திரும்பும்போது அக்கா எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்து, அம்பாசமுத்திரம் தாண்டியும் திரும்பிப் பார்க்கவில்லை. சேரன்மகாதேவி வந்தபோது, தலையைத் திருப்பாமலே கேட்டாள்.

"கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தான் பண்ணுவியாலே?"

"அன்னைக்கும் இப்படித்தான்" என்றேன். பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.