மார்செய் துறைமுகம் எந்தப் பக்கம்?

வழிகாட்டி வரலாறு சொல்ல வாயைத் திறக்கும்போதுதான் பஸ்ஸில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கழிப்பறை ஞாபகம் வரும். சிட்னியிலிருந்து தமிழ்க் கூட்டங்களைப் பிரான்சின் தென்கரைக்குக் கூட்டிப்போய் வருகிறேன். ஒரு தடவையாவது மைக் பிடித்தவர்களுக்கு என் பாடு தெரியும்.

மெரிலேண்ட்ஸில் ஒரு கூட்டம்

பயணத்துக்கு முன் சிட்னியின் மெரிலேண்ட்ஸ் பகுதியில் ஒரு மண்டபம் பிடித்து, மார்செய் துறைமுகத்தின் கதையைப் படம் போட்டுக் காட்டுவேன். ஆதியில் கிரேக்க வணிகர்கள் வந்திறங்கிய சிறு குடாதான் பழைய துறைமுகம். நீராவிக் கப்பல்கள் பெருத்ததும் வடக்கே புதிய துறைகள் கட்டினார்கள். அதுவும் போதாமல் போக, பெரிய கப்பல்களை மேற்கே வெகுதூரம் கொண்டுபோய்விட்டார்கள். நாங்கள் போவது பழையதற்கு மட்டும். ஓய்வுபெற்ற என்ஜினியர், கோயம்புத்தூர்க்காரர் சுந்தரம் சார் கையை உயர்த்தினார். "அப்ப கப்பலே வராத துறைமுகத்தப் பாக்கத்தான் இவ்வளவு தூரம் போறோமுங்களா?"

கைப்பையில் மெழுகுதிரி

அதே கூட்டத்தில் மன்னாரைச் சேர்ந்த பிலோமினா அன்ரியும் இருந்தார். அவருடைய தம்பி அன்ரன் எண்பதுகளில் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவர். மார்செயிலிருந்து ஒரு கடிதம் வந்தது; பிறகு ஆளும் இல்லை, தகவலும் இல்லை. கப்பல் நின்ற இடத்தில் ஒரு மெழுகுதிரி கொளுத்த வேண்டும், அதற்காகவே வருகிறேன் என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். எந்தத் துறை என்று யோசிக்கவே இல்லை.

பயணத்தின் கடைசி நாள் மார்செயின் பழைய துறைமுகத்தில் இறங்கினோம். பாய்மரப் படகுகள், மீன் விற்கும் மேசைகள், படமெடுக்கும் கூட்டம். அன்ரி மெழுகுதிரியை வெளியே எடுத்தார், தண்ணீரைப் பார்த்தார், திரும்பக் கைப்பைக்குள் வைத்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "இந்தக் குளத்துக்குள்ள சரக்குக் கப்பல் எப்பிடித் தம்பி வந்திருக்கும்?" என்று என்னைக் கேட்டார்.

கடிதத்தில் இருந்தது

வடக்கா, மேற்கா? மேற்கென்றால் போய்வர நேரமில்லை. மறுநாள் காலை விமானம். கடிதம் கையில் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. கப்பலின் மேல்தட்டில் நின்றால் நகரத்து மலைமேல் தேவாலய உச்சியில் சிலையாக நிற்கும் பொன் மாதா தெரிகிறா என்று அன்ரன் எழுதியிருந்தார். எனக்கு உயிர் வந்தது. மேற்கே அவ்வளவு தூரத்திலிருந்து அந்த மாதா தெரியமாட்டா. சுந்தரம் சார் போனில் வரைபடத்தை விரித்தார். "வடக்கேதாங்க, நடந்தே போயிரலாம்."

காற்றடித்த முற்றம்

வடக்குத் துறைகள் தொடங்கும் இடத்தில் இப்போது அருங்காட்சியகமும் பெரிய முற்றமும்தான். கப்பல் சரியாக எந்த இடத்தில் நின்றது என்று தெரியாது. அதையும் அன்ரியிடம் சொல்லிவிட்டேன். காற்றில் மூன்று தீக்குச்சிகள் அணைந்தன. சுந்தரம் சார் தொப்பியைக் கழற்றி மறைப்பாகப் பிடித்ததும் நாலாவது பற்றியது. அன்ரி நிமிர்ந்து மலையைப் பார்த்தார். மாதா வெயிலில் மின்னிக்கொண்டிருந்தா. "துறைமுகத்தை மாத்தி மாத்திக் கட்டிப்போட்டினம், சரி. மாதாவை இடம் மாத்தேல்லைத்தானே?"

இத்தனை வருடம் நான் மைக்கில் சொன்ன வரலாற்றில் ஒருவர் உண்மையாகவே காத்திருந்து கேட்ட ஒரே வரி, "இல்லை அன்ரி, அவ அங்கேயேதான் நிக்கிறா" என்பதுதான்.