தெரியாத புள்ளியைச் சுட்டவன்

முதலில் கீபோர்டைத்தான் திட்டினேன். பழைய விண்வெளிச் சண்டை விளையாட்டு அது. திரையின் அடியில் நம் கப்பல். மேலிருந்து வரிசையாக இறங்கும் எதிரிகள். பள்ளி நாளிலிருந்து ஆடுகிறேன். ஆனால் சில மாதங்களாக மேலே வருபவை மோதிய பிறகே தெரிந்தன.

சேலத்தில் கண் மருத்துவர் கண்ணழுத்தத்தை அளந்ததும் கேட்டார்: "என்ன சொட்டு மருந்து விடறீங்க?"

கோழித்தீவன மில்லில் கணக்கு எழுதுகிறேன். அரவைத் தூசிக்குக் கண் அரிக்கும். மெடிக்கலில் கேட்டு வாங்கி இரண்டு வருடம் விட்டேன். அதில் ஸ்டீராய்டு இருந்தது (அரிப்பை அடக்கும், சிலருக்குக் கண்ணழுத்தத்தை ஏற்றும்). மருத்துவர் சொல்லாமல் விடக்கூடாது என்று பாட்டிலிலேயே ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. எங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

கிளாக்கோமாவாக இருக்கலாம் என்றார் (அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு பட்டுப்போகும் நோய்). பார்வைப்புலச் சோதனைக்கு அனுப்பினார். வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. தாளம் பிடித்துக்கொண்டு, அடுத்தது வரும் நேரம் பார்த்து அமுக்கினேன். ஒன்றையும் விடவில்லை.

மருத்துவர் தாளைப் பார்த்து முகம் சுளித்தார்.

"மெஷின் புள்ளியே காட்டாதப்பவும் அமுக்கியிருக்கீங்க. யாரை ஜெயிக்கறீங்க தம்பி?"

"தெரியற மாதிரி இருந்துச்சுங்க."

"தெரியலைன்னா சும்மா இருங்க. எவ்வளவு போயிருக்குன்னு தெரியாம நான் என்ன வைத்தியம் பண்ண?"

மறுபடி உட்கார்ந்தேன். விரலை அடக்குவதைவிடக் கஷ்டமான வேலை நான் செய்ததில்லை. இம்முறை தாளில் இரண்டு கண்ணுக்கும் பார்வையின் மேல்பகுதி கறுப்பாக வந்தது. போனது வராது, மீதியைக் காப்பாற்றலாம் என்றார்.

வெளியே அப்பா காத்திருந்தார். "ஏஞ்சாமி, செரியாப் போயிருமாமா?"

"போனது போனதுதானுங்கப்பா."

"படிச்ச புள்ளை ஊட்டுல இருக்குதுன்னுதானே நாங்க எதையும் கேக்கறதில்லை," என்றார். திட்டியிருந்தால் தேவலை.

இதைப் படிக்கிறவர்களே, "சொட்டு மருந்துதானே" என்று என்னிடம் சொல்லாதீர்கள். பொறுமையாகப் பதில் சொல்ல மாட்டேன். வீட்டிலிருக்கும் பாட்டிலைக் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கேட்டதும் எடுத்துக் கொடுத்த கடைக்காரர்மேல் எனக்கு ஆத்திரம் உண்டு. என்மேல் அதைவிட அதிகம்.

இப்போது அழுத்தம் குறைக்கும் மருந்து, ஆயுசுக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கிண்ணம். என் காலம் அப்படித்தான் நகர்கிறது. உள்ளே முகம் வைத்ததும் கட்டைவிரல் தானாகத் துடிக்கும். வெள்ளையில் எதுவும் வரவில்லை. வரவில்லையா, வந்தும் எனக்குத் தெரியவில்லையா என்பது அந்த நிமிடம் தெரியாது. அமுக்காமல் இருக்கிறேன்.