ராஸின் தும்மலும் நோலீனின் வாட்டிலும்

பெண்டிகோ பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நோலீன் முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினார். பின்னால் எழும் கூச்சலில் பாதி வெறும் கூச்சல், மீதி உண்மை. எது எது என்று தெரியும்வரை பிரேக்கைத் தொடமாட்டார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அங்கே குளிர்காலமான ஆகஸ்டில், பக்கத்து வீட்டு ராஸ் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒன்பது முறை தும்மினார்.

"உன் வாட்டில் மரந்தான் நோலீன்! அது பூத்த அன்னைக்கே என் மூக்கும் தொறந்துருச்சு. வெட்டிரு மகராசி."

"போன வருஷமும்தான் பூத்துச்சு. அப்ப உன் மூக்கு ஊர்ல இல்லையா?"

"போன வருஷம் இத்தன பூவா இருந்துச்சு?"

இல்லைதான். இந்த வருடம் இலை தெரியாமல் மஞ்சள் உருண்டைகள். இலை என்பதும் பேச்சுக்குத்தான். கன்றிலேயே நிஜ இலைகள் உதிர்ந்து, காம்பு தட்டையாகி அரிவாளாய் வளைந்து இலையின் வேலையைப் பார்க்கிறது. காட்டுத்தீ சுட்டால்தான் முளைக்கும் விதையை நோலீன் கொதிநீர் ஊற்றி ஏமாற்றியிருந்தார். ஏழு வயதில் கூரையைத் தாண்டிவிட்டது. வாட்டில் பதினைந்து வயதைத் தாண்டுவது அபூர்வம். தனக்கும் அறுபத்தொன்பது; சரியான ஜோடிதான் என்று நினைத்துக்கொள்வார்.

ஊரில் யார் தும்மினாலும் பழி வாட்டில்மேல்தான். கண்ணுக்குத் தெரிகிற மஞ்சளைத் திட்டுவது சுலபம். ஆனால் ராஸின் கண்கள் நிஜமாகவே சிவந்திருந்தன.

"ஆஸ்பத்திரில தோல்ல குத்தி எது ஒத்துக்கலைன்னு பாக்கச் சொல்லு. வாட்டில்னு வந்தா நானே அறுத்துடறேன். வரலைன்னா நீ வாயத் தொறக்கக் கூடாது."

"சனிக்கிழமை அறுக்கத் தயாரா இரு."

அறுப்பதாகச் சொல்லிவிட்டாரே தவிர, ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போன வியாழக்கிழமை நோலீனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மரத்தடியில் போய் நின்றார். தேன்குருவி ஒன்று கவலையில்லாமல் கிளையில் தலைகீழாகத் தொங்கியது.

சாயங்காலம் ராஸ் சட்டைக் கையைச் சுருட்டியபடி வந்தார். முன்கையில் ஒரே ஒரு இடம் நாணயம் அளவுக்குத் தடித்திருந்தது.

"வாட்டிலா?" என்றார் நோலீன்.

"அதுக்கு ஒண்ணுமில்ல. அந்த மகரந்தம் கனமாம், காத்துல ரொம்பப் பறக்காதாம்."

"பின்ன இது?"

ராஸ் தன் வீட்டின் மறுகோடியைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடமாக ஞாயிறுதோறும் கயிறு கட்டி, மட்டம் பார்த்து அவர் வெட்டிவரும் சைப்ரஸ் மர வேலி, பழுப்பு மகரந்தத் தூளைக் காற்றில் ஊதிக்கொண்டிருந்தது.

நோலீனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"சிரிக்காத. அதுல கை வைக்க எனக்கு மனசு வராது."

"நான் வெட்டச் சொன்னேனா?"

சனிக்கிழமை காலை ராஸ் செய்தித்தாளோடு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நோலீன் வீட்டுப் பக்கம் வந்தார். சைப்ரஸுக்கு எட்டாத தூரத்தில், வாட்டில் நிழலில் போட்டு உட்கார்ந்தார். தலையில் மஞ்சள் உதிர்ந்தது. ஒரு தும்மல்கூட இல்லை.