ஆறாவது ஆள்

கொரோனாத் தடுப்பூசி வேலையில் ஊசி குத்துவது மட்டும்தான் சுலபம். பேசாலை என்ற மீனவ ஊர்ப் பக்கம் குடும்பநல மாதுவாக, அதாவது ஊர் மருத்துவிச்சியாக இருந்தேன். குளிர்ப்பெட்டி சுமந்து ஊராரிடம் திட்டு வாங்கிய என் சக தொழிலாளிகளே, இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன். மற்றவர்கள் நம்பமாட்டார்கள்.

படிவம்

முதல் நாள் மேலிடத்திலிருந்து வந்த சம்மதப் படிவம் முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. தமிழ் ஊருக்கு! ஒவ்வொருவருக்கும் நான் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் பன்னிரண்டு மணியாகி, டொக்டர் எழும்பிப் போய்விட்டார். வரிசையின் கடைசியில் கிழிந்த வலை பொத்தும் பிலோமினாக்கா. முட்டு வருத்தக்காரி, நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். ஊசி முதலில் போட்டிருக்க வேண்டியது அவருக்குத்தான்.

"என்ன எழுதியிருந்தாலும் கையெழுத்து வைக்கிறன் மிஸ். ஊசியைப் போட்டுவிடுங்கோ."

ஐந்து பேர்

ஒரு குப்பியில் ஆறு பேருக்கு மருந்து. திறந்தால் அன்றைக்கே முடிக்க வேண்டும். அடுத்த கிழமை கடைசிக் குப்பிக்கு மிஞ்சியது ஐந்து பெண்கள், பிலோமினாக்கா உட்பட. ஆண்கள் கடலில். வள்ளங்கள் மத்தியானத்துக்குப் பிறகுதான் கரைக்கு வரும் என்று நான் கத்தாத நாளில்லை. மேலிடத்துக் கந்தோரோ ஊசி நேரம் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை என்று எழுதி ஒட்டியிருந்தது. மீன் கந்தோர் நேரம் பார்த்தா வலையில் விழும்?

ஐந்து பேருக்காவது போடுவோம் என்று டொக்டரிடம் கெஞ்சினேன். அவர் பெட்டியை மூடினார்.

"ஒண்டு வீணாப்போனா விளக்கம் எழுதவேண்டியது நான், நீங்களில்லை."

பெரிய இடம்

மூன்றாம் முறை மருந்தே இல்லை. ஒரு பெரிய அதிகாரி எங்கள் பங்கைத் தன் வீட்டாருக்கு எடுத்துப்போயிருந்தார். அதில் ஒரு மகன், இருபது வயது, பந்தடிக்கிற பிள்ளை. பிலோமினாக்கா ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

"பறவாயில்லை மிஸ், வாற கிழமை வாறன்."

மறுத்தவர்

அந்தக் கிழமை வரவில்லை. அதற்குமுன் ஆஸ்பத்திரியில் கொரோனாவால் செத்துப்போனார். முகத்தைக்கூட வீட்டாருக்குக் காட்டவில்லை.

மாத அறிக்கையில் ஊசி போடாதவர்களுக்கு ஒரே ஒரு நிரல்தான்: 'மறுத்தவர்'. 'வந்தார், நாங்கள் போடவில்லை' என்று எழுத இடமில்லை. பிலோமினாக்கா மறுத்தார் என்று அவர் புருஷன் சூசையண்ணையிடம் கையெழுத்து வாங்கிவரச் சொல்லி என்னையே அனுப்பினார்கள். வெட்கங்கெட்டுப் போனேன். சூசையண்ணை பேனாவைத் தொடவில்லை.

"மூண்டு தரம் நடந்து வந்தவள். மறுத்தது நீங்கள். உங்கட பேரை எழுதுங்கோ."

அந்த நிரலில் எங்கள் பேரையே எழுதினேன்; அதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்த வேகத்தில் மருந்து வந்திருந்தால், பிலோமினாக்கா இன்றைக்கும் வலை பொத்திக்கொண்டிருப்பார்.