பாப்பாத்தி சொன்ன இருமல்

எங்கள் தெருவின் கடைசி வீட்டில் இருந்த பாப்பாத்திக்குச் சொந்த ஊர் ஹனூர் பக்கம் கௌதள்ளி. 1987இல் கணவர் அய்யாசாமியோடு மைசூர் வந்தாள். அவருக்குக் கட்டடங்களில் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் வேலை. பிள்ளைகள் இருவர்.

டாக்டர் பிரகாசம் எங்கள் பகுதியில் இருபத்திரண்டு ஆண்டுகள் வைத்தியம் பார்த்தவர். இரவு ஒன்பது வரை இருப்பார். ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு மாத்திரையும் அவரே கொடுப்பார். வீட்டில் படுத்திருப்பவருக்காக வேறொருவர் போய்ச் சொன்னாலும் போதும். குடும்பமே அவருக்குத் தெரியும். 1994 ஏப்ரல் 30, சனிக்கிழமை, கிளினிக்கை மூடிவிட்டுப் பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார்.

மே மாதம் அய்யாசாமிக்கு இருமல் தொடங்கியது. பாப்பாத்தி நான்கு கிளினிக்குகளில் கேட்டுப் பார்த்தாள். எல்லா இடத்திலும் ஆளைக் கூட்டிவரச் சொன்னார்கள். அவர் வேலை முடிந்து வீடு சேர மணி எட்டாகும். கிளினிக்குகளில் ஏழரைக்கே டோக்கனை நிறுத்திவிடுவார்கள். ஞாயிறு கிளினிக்குகளுக்கும் விடுமுறை. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் மேஸ்திரி வேறு ஆளைப் போட்டுவிடுவார்.

ஆகவே ஜூன் 13ஆம் தேதி ஐந்தாவதாக ஒரு கிளினிக்கில் டாக்டர் ரோசலினிடம் முப்பது ரூபாய் கட்டி, இருமல் தனக்குத்தான் என்று சொன்னாள். கொடுத்த மருந்தை அய்யாசாமி குடித்தார். ஜூலை 4ஆம் தேதி மறுபடியும் முப்பது ரூபாய், வேறு மருந்து.

ஆகஸ்ட் 1 அன்று மூன்றாம் முறை போனாள். ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒரு திரைதான்.

“நெஞ்சு சுத்தமா இருக்கே. சளி எப்படி வருது?” என்றார் டாக்டர்.

“நாலு நாளா ரத்தம் கலந்து வருதுங்க.”

“இந்தப் பாட்டில்ல துப்புங்க, பார்க்கலாம்.”

“இப்ப வராதுங்களே.”

“எப்ப வரும்?”

“அவரு வேலைக்குப் போயிட்டு வந்தாத்தானுங்க.”

“எவரு?”

 பாப்பாத்தி உள்ளதைச் சொன்னாள்.

“உங்க நெஞ்சுல குழாய வெச்சு உங்க வீட்டுக்காரரை நான் எப்படிம்மா பார்க்கறது?”

“பிரகாசம் டாக்டர் பார்ப்பாருங்க. எங்க வீட்ல யாரு எப்படி இருமுவாங்கன்னு அவருக்குத் தெரியும்.”

“ரத்தம்னு சொன்னா அவரும் ஆளத்தான் கேட்டிருப்பார். நாளைக்குக் காலையில சானடோரியத்துக்கு, அந்த டி.பி. ஆஸ்பத்திரிக்கு, கூட்டிட்டுப் போங்க. அங்க காசு இல்லை. லெட்டர் தர்றேன்.”

“மேஸ்திரி…”

“மேஸ்திரிகிட்ட நான் பேசட்டுமா?”

“வேண்டாங்க. என்ன நோவுன்னு தெரிஞ்சா அப்புறம் எப்பவுமே சேத்திக்க மாட்டாரு.”

கடிதத்தை வாங்கிக்கொண்டு போனாள். சனிக்கிழமை வாரக்கூலியை வாங்கிவிட்டுப் போகலாம் என்றார் அய்யாசாமி. வியாழக்கிழமையே, பலகை தூக்கும்போது, ரத்தம் கக்கினார். மேஸ்திரிதான் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் காசம். சானடோரியத்தில் சேர்த்துக்கொண்டார்கள். பாப்பாத்தியையும் பிள்ளைகளையும் சோதித்தார்கள், அவர்களுக்கு இல்லை.

“எத்தனை நாள்ல பலகை தூக்கலாம்?” என்று அய்யாசாமி அங்கே கேட்டாராம். “முதல்ல எட்டு மாசம் மாத்திரை” என்று பதில் வந்ததாம்.

ஆகஸ்ட் 8, திங்கட்கிழமை, அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். பாப்பாத்தி அதே கட்டடத்தில் சித்தாளாகச் சேர்ந்தாள். சானடோரியத்தில் நோயாளிகளைப் பார்க்க விடும் நேரம் மாலை நான்கு முதல் ஆறு வரை. அவளால் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே போக முடிந்தது.