லார்டுக்கு நான் போட்ட மாலை

மாலை வாங்கியது நான்தான். மேனேஜர் வாங்கச் சொன்னதாகப் பிறகு பேசிக்கொண்டார்கள். அவர் சொல்லவில்லை.

1. வந்தவர்

தொண்ணூறுகளின் கடைசி. அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் பிளாண்டில் அம்பாசிடர் ஓட்டினேன். எட்டாவது வரைதான் படிப்பு. சுண்ணாம்புக்கல் வேகிற பெரிய உருளையைக் கில்ன் என்போம். அதன் உள்பக்கச் செங்கல் சரிந்துகொண்டே இருந்தது. அதைச் சரிசெய்ய இங்கிலாந்திலிருந்து ஹென்றி என்ற இன்ஜினியர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். தூசியில் நின்று எங்களோடு டீ குடிப்பார்.

ஃபோர்மேன் சேவியருக்குச் சொந்த ஊர் ஏலாக்குறிச்சி. இங்கிலீஷ் பேசுவார். ஒருநாள் காரில் சொன்னார்.

"நீ யாருக்கு வண்டி ஓட்டுறேன்னு தெரியுமாய்யா? இவங்க அப்பாரு லார்டு. தலைமுறை தலைமுறையா வர்ற பட்டம். மூத்த மவனுக்குத்தான் வரும். இவருதான் மூத்தவரு."

"தம்பி இருந்தா?"

"தம்பிக்கு ஒண்ணும் கெடையாது."

"லார்டு வூட்டுப் புள்ள ஏண்ணே இங்க வந்து தூசி தின்னுறாரு?"

சேவியர் அதை அப்படியே அவரிடம் கேட்டுவிட்டார். ஹென்றி சார் சிரித்தார். பட்டம் இருக்கிறது, வீட்டுக்கூரை ஒழுகுகிறது என்றாராம்.

2. நாலு நாள்

அடுத்த மாதம் அவர் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று போன் வந்தது. ஊருக்குப் போக மேனேஜரிடம் கேட்டார். கில்ன் ஓடட்டும், நாலு நாள் பொறுங்கள் என்றார் மேனேஜர். நாலாம் நாள் செங்கல் மறுபடி சரிந்தது. மறுபடி கேட்டார். மறுபடி நாலு நாள்.

காரில் நகத்தைக் கடித்துக்கொண்டே வருவார்.

3. மாலை

ஒரு காலை கேட்டில் வாட்ச்மேன் சொன்னார். "ஒங்க சார் லார்டு ஆயிட்டாராம்ல. ஆபீஸ்ல பேசிக்கிறாங்க. திருச்சி ஏர்போர்ட்டுக்கு வண்டி எடுக்கச் சொன்னாங்க."

எங்கள் ஊர் நாட்டாமை படுக்கையில் விழுந்ததும், உயிரோடு இருக்கும்போதே மகனுக்குப் பதவியை விட்டுக்கொடுத்தார். மகனுக்கு ஊரே மாலை போட்டது. இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டில் ரோஜா மாலை வாங்கினேன்.

கெஸ்ட் ஹவுஸ் வாசலில் அவர் பெட்டியோடு நின்றார். போட்டேன். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். கைகூப்பினார். அப்படியே காரில் ஏறினார்.

சேவியர் பின்னால் ஓடி வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். லால்குடி வரை திரும்பித் திரும்பி மாலையையே பார்த்தார்.

"என்னாண்ணே, மாலையவே பாக்குற?"

"அவங்க அப்பாரு செத்துட்டாருய்யா. செத்தாத்தான் அந்தப் பட்டம் இவருக்கு வரும்."

கண்ணாடியில் பார்த்தேன். மாலையோடு உட்கார்ந்திருந்தார். வண்டியை ஓரங்கட்டி, அதைக் கழற்றக் கை நீட்டினேன். அவர் தடுத்தார். சேவியரிடம் ஏதோ சொன்னார்.

"இந்த ஊர்ல செத்தவங்களுக்கும் மாலைதான போடுவீங்கன்னு கேக்குறாரு."

"ஆமாங்க" என்றேன்.

தானே கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஏர்போர்ட்டில் அதைக் கையில் பிடித்துக்கொண்டே உள்ளே போனார். அப்பா சாகும்போது பக்கத்தில் இருந்தது இவருடைய தம்பி மட்டும்தானாம். சேவியர் திரும்பும்போது சொன்னார்.

கில்ன் மூன்று வாரம் கழித்துத்தான் ஓடியது. அவர் திரும்பி வரவில்லை.

பின்னாளில் பிளாண்ட் வண்டிகளுக்கு என்னைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். டிரைவர் யாராவது அப்பாவுக்கு முடியவில்லை என்று வந்து நின்றால் சாவியை வாங்கிக்கொண்டு ஊருக்கு அனுப்பிவிடுவேன். எத்தனை நாள் என்று கேட்டதில்லை. ஆள் இல்லாவிட்டால் நானே வண்டி எடுப்பேன்.